அட்டை செருகிய கட்டை

உங்கள் அம்மா மேடையில் பாடியதை நீங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறீர்கள். பெரியவளுக்கு நன்றாக நினைவிருக்கும். சின்னவனுக்குப் பாட்டு நினைவிருக்காது, மேடைக்குப் பக்கத்தில் சேர்களைச் சேர்த்துப் போட்டுத் தூங்கியதுதான் நினைவிருக்கும். அவள் ஏன் பாடுவதை நிறுத்தினாள் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். கண் பட்டுவிட்டது என்று தெருவில் பேச்சு. மேடை பயம் வந்துவிட்டது என்று உங்கள் அத்தை சொல்கிறாள். எதுவும் சரியில்லை. உங்கள் நைனா நான் வாசிக்கும் கீபோர்டு ஒரு சத்தத்தை நடுவில் விட்டுவிட்டது. அவள் தன் காதுதான் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் இதை இரண்டு வரியில் சொன்னால் யாருக்கும் விளங்காது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திப் படித்துக்கொள்.

பகலில் நான் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடையில் நிற்பவன். பெயிண்ட் கலக்குவேன், பைப் அறுத்துக் கொடுப்பேன். முகூர்த்த நாள் வந்தால் சாயந்தரம் சட்டையை மாற்றிக்கொண்டு கீபோர்டைத் தூக்குவேன். தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேட் தட்டுவது அம்மாவின் தம்பி, உங்கள் மாமன். ஆண் குரலுக்கு ஒருத்தர் திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். பெண் குரல் உங்கள் அம்மா. செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் வரவேற்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எங்களைக் கூப்பிடாத தெரு குறைவு. வந்தவர்கள் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடுகிறபோதும் அவள் பாடத் தொடங்கினால் நாலு பேராவது நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அவளுக்குக் காதில் குறை இருக்கிறது என்று எங்களுக்கு முதலில் தெரியவில்லை. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும், பக்கத்தில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருப்பாள். கண்டக்டர் விசில் கேட்காமல் ஓடும் பஸ்ஸில் ஏறப் போவாள். ஆனால் தெரு முனையில் டிராக்டர் திரும்பினால் வீட்டுக்குள்ளிருந்து முதலில் சொல்பவள் அவள்தான். இது என்ன காது என்று சிரித்திருக்கிறோம். பாண்டிச்சேரியில் பெரிய டாக்டரிடம் காட்டியபோதுதான் விளங்கியது. உள்காது நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது என்றார். விசில் மாதிரி மேல் சத்தம் முதலில் போகும், டிராக்டர் மாதிரி அடிச் சத்தம் கடைசியில் போகும், போனது திரும்பாது. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த உங்கள் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் பாட்டு பாடறவ சார். பாடலாமா?"

"கேக்கற வரைக்கும் பாடுங்கம்மா" என்றார் அவர்.

காது மிஷின் கொடுத்தார்கள். பேசினால் அதில் கேட்கும். பாட்டுக்கு அது உதவவில்லை. "தகர டப்பாவுல கல்லு போட்டு உருட்டற மாதிரி இருக்குது" என்று சொல்லி மேடை ஏறும்போது கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுவாள். அப்புறம் எதைக் கேட்டுப் பாடினாள் என்று கேட்பீர்கள். சுருதியைக் கேட்டுத்தான். கீபோர்டில் இடது கைப் பக்கம் கடைசியில் இருக்கும் ஒரு கட்டையை அழுத்தினால் ஊம் என்று ஒரு சத்தம் வரும். அது மட்டும் அவளுக்கு நன்றாகக் கேட்டது. பெரிய ஸ்பீக்கரை அவள் கால் பக்கம் திருப்பி வைப்போம். செருப்பைக் கழற்றிவிட்டு அதை ஒட்டி நிற்பாள். காதில் பாதி, பாதத்தில் பாதி என்று சொல்வாள். பாட்டு எங்கே போனாலும் அந்த ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள். முழுக் காது இருப்பவர்களைவிடச் சுத்தமாகப் பாடினாள், அதுவும் அரைக் காதில்.

அந்தக் கட்டையை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தால் இடது கை அதற்கே போய்விடும். அதனால் அதை அழுத்திவிட்டு இடுக்கில் அட்டை செருகிவிடுவோம். எங்கள் பக்கத்தில் கீபோர்டு வாசிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். சிலர் தீக்குச்சி வைப்பார்கள். நான் அந்தந்தக் கல்யாணத்தின் பத்திரிகையையே கிழித்து மடித்து வைப்பேன். பத்திரிகை அட்டை கெட்டி, நழுவாது. ஒவ்வொரு தடவையும் இதற்கு ஒரு சண்டை நடக்கும்.

"மாமா, மஞ்ச வச்ச மூலைய கிழிக்காத. பொண்ணு மாப்ள நல்லா இருக்க வேணாமா?"

"அந்த மூலைதான் கைக்கு வருது."

"கைக்கு வந்தா கிழிச்சிடுவியா? அந்தப் பக்கம் மஞ்ச இல்ல பாரு, அங்க கிழி."

உங்கள் மாமன் பேட்டைக் கட்டிக்கொண்டே சொல்வான். "உங்க பத்திரிகையில நாலு மூலையும் கிழிச்சிட்டாங்க போலக்குதுக்கா. இல்லன்னா இந்தாளு வந்து வாச்சிருப்பானா?"

"டேய், தட்டற வேலைய மட்டும் பாரு" என்பேன். அவள் வாய் பொத்திச் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டுச் செருப்பைக் கழற்றுவாள்.

அவள் பாட்டு நின்றுபோன அந்த வரவேற்பு திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் ஒரு மண்டபத்தில் நடந்தது. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர்கள் வீட்டுக் கல்யாணம். சவுண்டு கிராண்டாக இருக்க வேண்டும் என்று பெண் வீட்டார் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் நான் கீபோர்டில் இரண்டு சத்தத்தைச் சேர்த்து வைத்தேன். ஒரு கட்டையை அழுத்தினால் வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் ஒன்றாக வரும். மெதுவான பாட்டு என்பதால் காலில் பெடலையும் அழுத்திக்கொண்டேன். பெடல் அழுத்தினால் விரலை எடுத்த பிறகும் சத்தம் ஓயாது, இழுவையாக நன்றாக இருக்கும். அடிக் கட்டையில் பத்திரிகை அட்டை இருந்தது. மஞ்சள் இல்லாத மூலைதான்.

முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவது சரணத்தில் ஒரு வரியில் அவள் குரல் கீழே சரிந்தது. கொஞ்சம்தான், மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவள் உடனே என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடது கைப் பக்கத்தைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். கட்டை அழுந்தித்தான் இருந்தது. அட்டை இடம் மாறவில்லை. பேட் சத்தமும் மண்டபத்துக் கூச்சலும் இருந்ததில் எனக்குத் தனியாக எதுவும் பிரித்துக் கேட்கவில்லை. கட்டை அழுந்தியிருந்தால் சத்தம் இருக்கிறது என்றுதான் அன்று வரை நினைத்திருந்தேன். இருக்குது, இருக்குது என்று அவளைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அவள் தன் பாதத்தைப் பார்த்தாள். அடுத்த வரியைப் பாடவில்லை. மைக்கை இறக்கினாள். திண்டிவனத்துக்காரர் சட்டென்று அந்த வரியை எடுத்துப் பாடி முடித்தார். மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது காது மிஷினை மாட்டிக்கொண்டு வண்டியில் என் முதுகில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"போய்ட்ச்சி மாமா."

"இன்னா போய்ட்ச்சி?"

"காதுதான். நீ கட்டைய அழுத்தித்தான வச்சிருந்த? எனக்கு ஒண்ணும் கேக்கல. காலுக்கும் தெரியல."

கட்டை அழுந்தியிருந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான்.

அதற்குப் பிறகு அவள் மேடைக்கு வரவில்லை. கூப்பிட்டால், "பொணத்த அலங்காரம் பண்ணி நிக்க வக்கப் போறியா?" என்று கேட்பாள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை உங்கள் மாமன் கூட்டிவந்தான். நல்ல பெண். உங்கள் அம்மா பாடிய பாட்டுகள் எல்லாம் அவளுக்குப் போயின. வீட்டிலும் உங்கள் அம்மா பாடுவதை விட்டுவிட்டாள். துணி துவைக்கும்போது முணுமுணுப்பாளே, அதுவும் நின்றுபோனது. சமைக்கும்போது நீங்கள் பின்னால் நின்று அம்மா அம்மா என்று கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல் கோபித்துக்கொண்டு போனது அந்தக் காலத்தில்தான். அவளுக்கு அப்போது அடிச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்குத்தான் அது தெரியாது, டிராக்டர் வந்தால் சொல்கிறாளா என்றுகூட யாரும் கவனிக்கவில்லை. சோதித்துப் பார்க்கவும் அவள் விடவில்லை. கேட்காது என்று முடிவு கட்டிவிட்டவளை எதைச் சொல்லி உட்கார வைப்பது?

மாசங்கள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தேன். பேட் இல்லை, கூட்டம் இல்லை, நீங்கள் மைதானத்துக்குப் போயிருந்தீர்கள். அதே மெதுவான பாட்டு, அதே சேர்த்து வைத்த சத்தம், அதே பெடல், இடுக்கில் அட்டை. வலது கை கொஞ்சம் வேகமாக ஓடிய இடத்தில் அடியில் இருந்த ஊம் சத்தம் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். கட்டை அழுந்தியபடியே இருந்தது. சத்தம் இல்லை. வாசிப்பதை நிறுத்தினேன், அப்போதும் வரவில்லை. அன்றைக்கு அவள் பார்த்த இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏதோ ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து மறுநாளே லீவு சொல்லிவிட்டு, கீபோர்டைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். அங்கே கீபோர்டு சர்வீஸ் செய்கிறவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுல ரிப்பேர் ஒண்ணும் இல்லண்ணே."

"கட்ட அழுந்திக்கினு இருக்குது, சத்தம் வரல. ரிப்பேர் இல்லன்றீங்களே?"

"மேல எத்தினி கட்ட இருக்குது?"

"அறுபத்தொண்ணு."

"அறுபத்தொண்ணும் ஒண்ணா சத்தம் போடும்னு நெனச்சிக்கினு இருந்தீங்களா?"

ஆமாம், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹார்மோனியத்தில் கட்டைக்குக் கட்டை தனி நாக்கு உண்டு. எத்தனை அழுத்தினாலும் அத்தனையும் பேசும். கீபோர்டும் அதைப் போல என்று எண்ணியிருந்தேன். அவர் டீ சொல்லிவிட்டுப் பொறுமையாக விளக்கினார். அதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

கீபோர்டுக்குள் சத்தம் போடுகிற தொண்டைகள் கொஞ்சம்தான் இருக்கின்றன. அவர் அதை வாய்ஸ் என்றார். நம்முடைய மிஷினில் பதினாறு. எந்தக் கட்டைக்கும் சொந்தத் தொண்டை கிடையாது. நான் ஒரு கட்டையை அழுத்தினால், சும்மா இருக்கும் தொண்டை எது என்று மிஷின் தேடும். கிடைத்ததிடம் நீ இதைப் பாடு என்று கொடுக்கும். விரலை எடுத்தால் அது ஓய்ந்து, அடுத்த கட்டைக்குத் தயாராகிவிடும். நான் இரண்டு சத்தத்தைச் சேர்த்து வைத்தேன் இல்லையா, அப்போது ஒரு கட்டைக்கு இரண்டு தொண்டை தேவை. பதினாறு எட்டாகிவிட்டது. பெடலை அழுத்தியிருந்தால் விரலை எடுத்தாலும் தொண்டைகள் ஓயாது, பாடிக்கொண்டே இருக்கும். எட்டும் இப்படி வேலையில் இருக்கும்போது நான் ஒன்பதாவது கட்டையை அழுத்துகிறேன். மிஷின் என்ன செய்யும்? புதிதாக வந்ததை ஊமையாக விட முடியாது. பாடிக்கொண்டிருக்கிற ஒருத்தரை நிறுத்தி, அந்தத் தொண்டையைப் பிடுங்கிப் புதியதற்குக் கொடுக்கும்.

"யாரு தொண்டைய பிடுங்கும்?" என்று கேட்டேன்.

"மிஷினுக்கு மிஷினு வேற வேற. சிலது சத்தம் கம்மியா இருக்கறத பிடுங்கும். வெல கூடுனதுல, அடிக் கட்டைய தொடாதன்னு ஒரு ஏற்பாடு வச்சிருப்பான். உங்க மிஷின்ல அதெல்லாம் இல்ல. யாரு மொதல்ல வந்தாங்களோ அவங்கள மொதல்ல அனுப்பிடும்."

"அட்ட செருகி வச்சா?"

அவர் சிரித்துவிட்டார். "அட்ட கட்டையத்தாண்ணே பிடிக்கும். உள்ள இருக்கற வாய்ஸ எப்பிடிப் பிடிக்கும்? நீங்க விரலால வாசிச்சிருந்தா நடுநடுவுல எடுத்து அழுத்தியிருப்பீங்க. எடுத்து அழுத்துனா அது புதுசா வந்த ஆளு, தப்பிச்சிக்கும். அட்ட வச்சதாலதான் பாட்டு மொத்தத்துக்கும் அதுவே பழைய ஆளா ஆயிடுச்சி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சுருதி நழுவிவிடக் கூடாது என்றுதான் அட்டை வைத்தோம். விடாமல் பிடித்திருந்த ஒரே காரணத்தால் அதுதான் முதலில் போயிருக்கிறது. மிஷின் மேல் கோபப்படவும் முடியவில்லை. எட்டில் ஒன்று போயே ஆக வேண்டும். மேடையில் ஒரு பொம்பளை அந்த ஒன்றின் மேல் கால் ஊன்றி நிற்கிறாள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மாவை உட்கார வைத்து, அவள் முகத்துக்கு நேராக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"எனக்கு ஆறுதலுக்கு சொல்ற."

"இல்ல. இங்க கைய வையி."

அவள் உள்ளங்கையை எடுத்து ஸ்பீக்கர் வலையின் மேல் வைத்தேன். அடிக் கட்டையில் அட்டை செருகினேன். "அதிருதா?" தலையாட்டினாள். பெடலை அழுத்திக்கொண்டு வலது கையால் வாசித்தேன். ஒரு இடத்தில் அவள் கை துள்ளியது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கட்டையைக் காட்டினேன். அழுந்தித்தான் இருந்தது. அவள் குனிந்து அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் மறுபடியும்.

அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அன்னிக்கு என் காது நல்லாத்தான் இருந்துதா?"

"நல்லாத்தான் இருந்துது."

"அதுக்கப்பறமும் கொஞ்ச நாள் இருந்திருக்கும் இல்ல?"

இந்தக் கணக்கு எனக்கு விழுப்புரத்திலும் தோன்றவில்லை, பஸ்ஸிலும் தோன்றவில்லை.

"கேக்கற வரைக்கும் பாடுன்னாரு டாக்டரு" என்றாள். "கேட்டுக்கினு இருந்தப்பவே வாய மூடிட்டன் பாரு."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். உங்கள் பள்ளிக்கூட யூனிபாரத்தை மட்டும் ரொம்ப நேரம் மடித்துக்கொண்டிருந்தாள்.

நான் விடவில்லை. உங்கள் மாமனிடம் ஒரு சின்ன கீபோர்டு கிடந்தது. சுருதிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஒரே ஒரு கட்டை, அதற்கு வேறு வேலை இல்லை. அதன் தொண்டையைப் பிடுங்க இன்னொரு சத்தம் அதில் வரவே வராது. பெரிய ஸ்பீக்கரை அதற்கு மட்டும் கொடுத்துவிடலாம். மாமன் பேட்டோடு வந்தான். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் நேரம். நீங்கள் வாசலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தீர்கள். அவள் வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். அவன் விடவில்லை.

"மிஷினு மேல பழி போட்டாச்சி, இப்ப மிஷினையும் மாத்தியாச்சி. இன்னும் இன்னாக்கா?"

"ஒன்னயும் மாத்தணும்" என்றாள். மாசக்கணக்கில் அவள் செய்த முதல் கிண்டல் அது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

கட்டையை அழுத்தினேன். செருக அட்டை இல்லை. அவளே உள்ளே போய் ஏதோ ஒரு பழைய பத்திரிகையைக் கொண்டுவந்து மஞ்சள் இல்லாத மூலையைக் கிழித்து மடித்துக் கொடுத்தாள். காது மிஷினைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். ஸ்பீக்கரை ஒட்டி வெறுங்காலோடு நின்றாள், ஆனால் மேடைப் பலகை மாதிரி வீட்டுச் சிமெண்டுத் தரை காலுக்கு அதிராது. பாடத் தொடங்கினாள். பழகாத குரல் கரகரத்தது, ஆனால் சுருதியில்தான் நின்றது. உங்கள் மாமன் தாளத்தைக் குறைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் சரணம் முடியவில்லை. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன் மாமா நிறுத்திட்ட?"

நான் நிறுத்தவில்லை. சுருதி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. வீடு முழுக்க அந்தச் சத்தம்தான் இருந்தது. ஜன்னல் கம்பிகூட அதில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. மாமன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"மிஷினு எடுத்துக்கிச்சி" என்றேன்.

"இதுலயுமா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா. இதுலயும்."

அவள் என் வாயைப் பார்த்தாள். வாயைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறவள் முன்னால் பொய் சொல்வது லேசில்லை. அப்புறம் குனிந்து உள்ளங்கையை ஸ்பீக்கர் வலையின் மேல் வைத்தாள். அது அதிர்ந்துகொண்டிருந்தது, அவள் கை விரல்களும் கூடவே அதிர்ந்தன. கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இருக்கட்டும்" என்றாள். "புள்ளைங்களுக்கு சோறு போடணும். கூப்புடு."

ஜன்னலில் வைத்த காது மிஷினை மாட்டிக்கொள்ளாமலே அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் வாசலுக்கு வந்து உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சின்னவன் உள்ளே வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு, "நைனா, அத்த நிறுத்து, ஊம்னுது" என்றான். அப்போதுதான் அட்டையை எடுக்கவில்லை என்று எனக்கு நினைவு வந்தது.

இப்போது அவளுக்குப் பேட் சத்தமும் கேட்பதில்லை, டிராக்டர் வந்தாலும் நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் பின்னால் நின்று கூப்பிடாதீர்கள். முன்னால் போய், வெளிச்சம் உங்கள் முகத்தில் படுகிற மாதிரி நின்று பேசுங்கள். அவள் ஏன் பாடுவதில்லை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அந்தச் சின்ன கீபோர்டை மாமன் திருப்பி எடுத்துப் போய்விட்டான். அட்டை மட்டும் என் சட்டைப் பையில் இருந்தது. எந்தக் கல்யாணத்துப் பத்திரிகை என்று விரித்துப் பார்த்தேன். மூலையில் எழுத்து எதுவும் இல்லை, வெறும் பூவேலைதான் இருந்தது.